வரலாற்றை மீட்ட ஆசிரியர் கார்ட்டர் வூட்சன்

ஒரு சமூகத்தை அடக்கியாள விரும்புவோர் முதலில் அதன் கைகளுக்கு விலங்கு பூட்டுவர். அவ்விலங்கு என்றோ ஒருநாள் அறுபடும். ஆயின், உன் முன்னோருக்கு வரலாறில்லை, அவர் உலகுக்கு ஈந்தது யாதுமில்லை என்று அச்சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே கற்பித்து விட்டால், அவ்விலங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே பாடத்தைப் பக்கத்துத் தெருவிலே படிக்கும் ஆளும் இனத்துப் பிள்ளையோ அயலானை இகழ்வது தன் பிறப்புரிமை என நம்பி வளர்கிறது. இகழ்ச்சி முற்றிப் பகையாகிறது. பகை முற்றிக் கொலையாகிறது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டு, பாடசாலையிலே தொடங்கிய நோய்க்குப் பாடசாலையிலேயே மருந்து தேடியவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பினப் பேரறிஞர் கார்ட்டர் கொட்வின் வூட்சன். நம் நாட்டில் ஆபிரகாம் லிங்கனை அறியாதாரில்லை. மார்ட்டின் லூதர் கிங்கை அறிந்தாரும் பலர். அவ்விருவர்க்கும் இடைப்பட்ட காலத்தில், பட்டாளமும் பதவியுமின்றிப் புத்தக மூட்டையுடன் போராடிய இவ்வாசிரியரை அறிந்தார் சிலரே. அவர் சரித்திரத்தை நம் மன்றத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பெற்றோரும்

வூட்சன் 1875ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் திகதி வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள நியூ கன்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், தாயார் ஆன் எலிசா ஆகிய இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1865ஆம் ஆண்டிலே உள்நாட்டுப் போர் முடிவுற்று அடிமை முறை ஒழிந்தபின் சிறு நிலமொன்றிற் பயிரிட்டு வாழ்ந்தனர். அடிமைக் காலத்திலே கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவித்தல் தென் மாநிலங்கள் பலவற்றிற் சட்டப்படி குற்றமாயிருந்தது. ஆதலால் தந்தையார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும், போர்க்காலத்தில் எசமானரிடமிருந்து தப்பி அரசாங்கச் சேனைக்கு உதவியவர். மானமே உயிரெனக் கொண்டவர். எவரோடும் பணிவாகப் பேசவேண்டும். ஆனால் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகுதல் ஆன்மாவை இழப்பதற்குச் சமம் என்று அவர் தம் மக்களுக்குப் போதித்தார். தந்தையின் இப்போதனையைப் பிற்காலத்திலே வூட்சன் நன்றியுடன் எழுதிவைத்துள்ளார்.

அவ்வூர்ப் பாடசாலை ஆண்டொன்றுக்கு நான்கைந்து மாதங்கள் மட்டுமே நடைபெறும். தாயாரின் சகோதரர் இருவரே ஆசிரியர்கள். எஞ்சிய மாதங்களெல்லாம் வயல்வேலை. மாலை வேளைகளிற் சிறுவன் செய்தித்தாளை உரக்க வாசிப்பான், தந்தை கேட்டுக்கொண்டிருப்பார். படித்தவன் படியாதவனுக்கு வாசித்துக் காட்டும் இக்கடமை வூட்சனை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை.

சுரங்கத்திலே ஒரு கல்லூரி

1892ஆம் ஆண்டிலே குடும்ப வறுமை அவரை மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இட்டுச்சென்றது. பகலெல்லாம் சுரங்கத்திலே உழைத்த அவ்விளைஞருக்கு அங்கே எதிர்பாராத கல்லூரியொன்று கிடைத்தது. ஒலிவர் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி, உள்நாட்டுப் போரிலே போராடியவர், தம் வீட்டையே ஒரு சிறு தேநீர்ச்சாலையாக்கியிருந்தார். வேலை முடிந்த தொழிலாளர் அங்கே கூடுவர். ஜோன்ஸ் எழுத்தறியாதவர். ஆனால் தம் இனத்தாரின் வீரத்தையும் சாதனைகளையும் கூறும் நூல்களை வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். வாசிக்கத் தெரிந்த வூட்சன் அந்நூல்களையும் செய்தித்தாள்களையும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவேண்டும். அதற்குக் கூலியாகப் பழங்களும் ஐஸ்கிறீமும் இலவசம்.

வாசிப்பு முடிந்ததும் பேச்சுத் தொடங்கும். தாம் அடிமைகளாயிருந்ததையும், தப்பியோடியதையும், போர்க்களத்திலே நின்றதையும் முதியோர் சொல்லச் சொல்ல வூட்சன் செவிமடுத்தார். எழுத்தறியா மனிதரின் நெஞ்சிலே ஒரு பெரிய சரித்திரம் எழுதப்படாமற் கிடப்பதை அவர் அங்கேதான் உணர்ந்தார்.

ஏறக்குறைய இருபது வயதாகும்போதுதான் அவருக்கு உயர்தரப் பாடசாலையிற் சேர முடிந்தது. ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்தரப் பாடசாலையிலே 1895ஆம் ஆண்டு சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே படிப்பை முடித்தார். பின்னர், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த ஒரு பாடசாலையில் ஆசிரியரானார். 1900ஆம் ஆண்டிலே தாம் படித்த டக்ளஸ் பாடசாலைக்கே அதிபரானார்.

இடையிடையே கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியிற் படித்து 1903இற் பட்டம் பெற்றார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்ற அரிய கலாசாலை அது. அவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, இரு இனத்தாரும் ஒருங்கே கற்பதைத் தடைசெய்து கென்டக்கி அரசு சட்டம் இயற்றியது. 1908இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒன்றாய்ப் படித்தவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பது கடினம் என்பதைச் சட்டம் செய்தோரும் அறிந்திருந்தனர் போலும்!

அப்பிளும் நாவலும்

1903ஆம் ஆண்டு முடிவிலே வூட்சன் பிலிப்பைன் தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்றார். ஸ்பானியரிடமிருந்து அத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த அமெரிக்க அரசாங்கம் அங்கே ஆங்கிலப் பாடசாலைகளை நிறுவியிருந்தது. ஊர்மக்களோடு உரையாட வேண்டுமென்று அவர் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அங்கே பணியாற்றியபோது கண்ட ஒரு காட்சி அவர் கல்விக் கொள்கைக்கே அடிப்படையாயிற்று.

பேர்பெற்ற அமெரிக்கச் சர்வகலாசாலைகளிற் பயின்ற ஆசிரியர் பலர் அங்கே தோல்வியுற்றனர். அவர்கள் கையிலிருந்தவை அமெரிக்கப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட புத்தகங்கள். அப்பிளைக் கண்டறியாத பிள்ளைகளுக்கு அப்பிள் மரத்தை உலுக்கும் பாட்டைக் கற்பித்தனர். பிள்ளைகளுக்குப் பாட்டும் வரவில்லை, பாடமும் ஏறவில்லை. ஆனால் காப்புறுதித் தொழிலிலிருந்து வந்த ஒருவர், ஆசிரியப் பயிற்சியே இல்லாதவர், வெற்றி பெற்றார். அவர் அப்பிளை நீக்கி அவ்விடத்திலே லொம்பொய் மரத்தை வைத்தார். லொம்பொய் என்பது வேறன்று. நம் நாவல் மரமே. பிள்ளைகள் நாள்தோறும் ஏறி உலுக்கிய மரம் பாட்டிலே வந்ததும் வகுப்பறை உயிர் பெற்றது. சுற்றுப்புறத்திலுள்ள பொருள்களையே கொண்டுவந்து சொற்களைக் கற்பித்தார். அமெரிக்கத் தலைவர்களின் வரலாற்றைத் தொடங்குமுன், அத்தீவுகளின் விடுதலைக்காக 1896இல் உயிரீந்த ஹோசே ரிசாலின் வரலாற்றைச் சொன்னார்.

இதனை முதன்முதல் வாசித்தபோது யான் சிறிதுநேரம் புத்தகத்தை மூடிவைத்து விட்டேன். யானும் மிஷன் பாடசாலையொன்றிலே கற்றவன். அப்பிள் என்னும் சொல்லை எழுத்துக்கூட்டி நெடுங்காலத்தின் பின்னரே அப்பிளைக் கண்டேன். நாவற்பழந் தின்று நாக்கு நீலம் பாரித்தபடி வகுப்புக்குச் சென்று வசை கேட்டதும் உண்டு. எனக்கு அறிவு புகட்டிய ஆசிரியர்களை யான் குறைகூறவில்லை. அவர்கள் கையிலும் வந்துசேர்ந்த புத்தகமே இருந்தது. ஆனால், நாம் அறிந்த மரம் புத்தகத்தில் இடம்பெறும் தகுதியற்றது என்ற எண்ணம் சொல்லாமலே நெஞ்சில் ஊறிவிடுகிறதே, அதுவன்றோ வூட்சன் கண்ட நோய்!

வரலாறில்லை என்றார்க்கு விடை

பிலிப்பைன் தீவுகளை விட்டு, ஆசிய ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சுற்றிப் பார்த்துத் தாயகம் திரும்பிய வூட்சன், 1908இற் சிக்காகோ சர்வகலாசாலையிலே முதுகலைப் பட்டம் பெற்றார். பின்பு தலைநகராகிய வாஷிங்டனில் உயர்தரப் பாடசாலை ஆசிரியராயிருந்துகொண்டே ஆராய்ச்சி செய்து 1912இல் ஹாவாட் சர்வகலாசாலையின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். கறுப்பினத்தவருள் அச்சர்வகலாசாலையில் இப்பட்டம் பெற்ற இரண்டாமவர் இவர். முதல்வர் 1895இற் பெற்ற டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து சரித்திரத்திற் கலாநிதியானவர் வூட்சன் ஒருவரே.

அக்காலத்துப் பேராசிரியருட் பலர், கறுப்பினத்தவருக்கு எழுதத் தக்க சரித்திரம் யாதும் இல்லையென்றே கருதினர். அடிமை முறை அன்பான எசமானர் நடத்திய ஒரு பள்ளிக்கூடம் போன்றது என்றும், விடுதலை பெற்ற கறுப்பர் வாக்குரிமை பெற்ற காலம் நாட்டுக்குக் கேடு காலம் என்றும் பாடப்புத்தகங்கள் கூறின. சுரங்கத் தேநீர்ச்சாலையிலே முதியோர் சொல்லக் கேட்ட வூட்சனால் இதனை எங்ஙனம் ஏற்க முடியும்? ஆயினும் அவர் கோபத்தால் விடை கூறவில்லை. ஆதாரத்தால் விடை கூறத் துணிந்தார்.

1915ஆம் ஆண்டு அவர் வாழ்வில் முக்கியமானது. அவ்வாண்டிலே, கறுப்பினத்தவரைக் கொடியோராகவும் அவரைக் கொன்று திரிந்த முகமூடிக் கூட்டத்தாரை வீரராகவும் காட்டிய ஒரு திரைப்படம் நாடெங்கும் ஓடியது. சனாதிபதியின் மாளிகையிலும் அது காட்டப்பட்டது. அதே ஆண்டிலே, 1861ஆம் ஆண்டுக்கு முன் கறுப்பினத்தார் கல்வி கற்ற வரலாற்றை வூட்சன் தம் முதல் நூலாக வெளியிட்டார். செப்டெம்பர் 9ஆந் திகதி சிக்காகோ நகரிலே நண்பர் சிலருடன் கூடி நீக்கிரோவர் வாழ்க்கை வரலாற்று ஆராய்ச்சிச் சங்கத்தை நிறுவினார். நீக்கிரோவர் என்பது அக்காலத்தில் அம்மக்கள் தமக்கே வழங்கிய பெயர். அடுத்த ஆண்டு யனவரியிற் சங்கத்தின் சஞ்சிகை வெளிவந்தது. அச்சுக் கூலிக்குப் பணமில்லை. தம் ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தின் மேற் கடன்பட்டு முதலிதழை வெளியிட்டார். எந்த இதழும் தவறவிடப்படாமல் அச்சஞ்சிகை தொடர்ந்தது.

1919ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வாஷிங்டனில் இனக்கலவரம் மூண்டது. இரவிலே வீடு திரும்பிய வூட்சன் வெறிகொண்ட கூட்டத்தைக் கண்டு ஒரு கட்டடத்தின் நிழலில் ஒதுங்கினார். சற்றுத் தொலைவிலே அக்கூட்டத்தார் ஒரு கறுப்பினத்தவனைப் பிடித்துச் சுட்டதை அவர் கண்டார். இத்தகைய கொலைகள் அந்நாட்டிற் புதியனவல்ல. 1882 முதல் 1968 வரை கூட்டங்கூடிக் கொல்லப்பட்டவரெனக் கணக்கிடப்பட்ட 4,743 பேருள் 3,446 பேர் கறுப்பினத்தவர். கொலைக்காரரைத் தேடுவோர் காட்டிலும் தெருவிலும் தேடினர். வூட்சனோ வகுப்பறையிலே தேடினார். கறுப்பினத்தான் இழிந்தவன் என்று வகுப்பறையிற் கற்பித்திராவிடில் தெருவிலே இக்கொலை நிகழாது என்பது அவர் முடிபு. 1933இல் வெளியிட்ட தமது பிழைபட்ட கல்வி பற்றிய நூலில் இதனை வெளிப்படையாகவே எழுதினார்.

ஒரு வாரத்தின் வரலாறு

1920க்குப் பின் அவர் சர்வகலாசாலைப் பதவிகளையும் துறந்து சங்கத்திற்கே தம்மை அர்ப்பணித்தார். வாஷிங்டன் நகரின் ஒன்பதாம் வீதியிலே ஒரு வீட்டை வாங்கினார். கீழ்த்தளம் காரியாலயம், மேல்மாடியில் அவர் வாசம். விவாகம் செய்யவில்லை. கைநிறையப் புத்தகங்களைச் சுமந்து திரிந்த அவருக்குத் தெருப் பிள்ளைகள் புத்தகக்காரர் என்றே பெயரிட்டனர். 1921இற் சொந்தப் பிரசுரசாலையை நிறுவி, மறு ஆண்டிலே நமது வரலாற்றில் நீக்கிரோவர் என்னும் பொருள்படும் பாடநூலை வெளியிட்டார்.

ஆராய்ச்சி அறிஞரோடு நின்றுவிட்டால் பயனில்லை. அது சிறுபிள்ளையின் மேசைக்கு வந்துசேர வேண்டும். அதற்கு அவர் கண்ட வழியே 1926ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தொடங்கிய நீக்கிரோவர் வரலாற்று வாரம். லிங்கன் பிறந்த நாளாகிய 12ஆந் திகதியையும், அடிமை விடுதலை வீரர் பிரெடெரிக் டக்ளசின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்ட 14ஆந் திகதியையும் மக்கள் முன்னரே போற்றி வந்தனர். அவ்வழக்கத்தை அழியாது வளர்த்துக்கொண்டார் வூட்சன். முதலாண்டில் வட கரோலைனா, டெலவெயர், மேற்கு வேர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலங்களின் கல்விப் பகுதிகளும், பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களின் பாடசாலை நிர்வாகங்களுமே ஒத்துழைத்தன. ஆனால் ஆண்டுதோறும் அது பரவியது. சுவரில் மாட்டப் படங்கள், மேடையில் நடிக்க நாடகங்கள், ஆசிரியருக்குப் பாடக் குறிப்புகள் யாவும் ஒன்பதாம் வீதி வீட்டிலிருந்து பொதிபொதியாகச் சென்றன. 1937இல் ஆசிரியருக்கும் மாணாக்கருக்குமென எளிய நடையில் வேறொரு சஞ்சிகையும் தோன்றியது.

இவ்வாரம் தற்பெருமை பேசுவதற்கன்று என்பதில் அவர் உறுதியாயிருந்தார். ஓரினத்தைப் போற்ற வேறோரினத்தைத் தூற்றுதல் அவர் நோக்கமன்று. மனித குலத்தின் வரலாற்றிலே விடுபட்ட பக்கங்களைச் சேர்த்துவிட்டால், கறுப்பினப் பிள்ளை தலைநிமிரும். வெள்ளையினப் பிள்ளையின் செருக்கும் தணியும் என்று நம்பினார். பொய்க்கு மாற்று வேறொரு பொய்யன்று என்பதனாலேயே, கூற்று ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டார். பழம் பெட்டிகளிற் கிடந்த கடிதங்களையும் பத்திரங்களையும் தேடித் திரட்டி, ஆயிரக்கணக்கில் நாட்டின் பெரிய நூலகத்திலே சேர்ப்பித்தார்.

இப்பணி நிகழ்ந்தது ஆசிரியர்களாலேயே; அவருள்ளும் பெரும்பாலோர் பெண்கள். லூசியானா மாநிலத்திலே, 1930க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், ஓர் இளம் ஆசிரியை அரசாங்கம் அனுப்பிய பாடத்திட்டத்தை மேசைமேல் விரித்து வைத்திருப்பார். மடியிலோ வூட்சனின் புத்தகம் இருக்கும். கண் வாயிலை நோக்கியபடி மடியிலுள்ள நூலைப் பிள்ளைகளுக்கு வாசிப்பார். அதிபர் உள்ளே வந்தால் குரல் மாறாமலே மேசையிலுள்ள தாளுக்குத் தாவுவார். பிடிபட்டால் வேலை போய்விடும். பிள்ளைகள் அனைவரும் இதனை அறிந்திருந்தும் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. அவ்வகுப்பிலே படித்த ஒருவர் பின்னாளிற் சொன்னதாலேயே நாம் இதனை அறிகிறோம்.

குறைகளும் நிறைவும்

வூட்சன் எளிதிற் பழகத்தக்கவரல்லர். கண்டிப்பு மிக்கவர், தம் சொல்லே நடக்கவேண்டுமென்பவர். நண்பர் பலர் அவரோடு பிணங்கிப் பிரிந்தனர். பொருளுதவி செய்த செல்வர்களின் நிலையங்கள், சங்கத்தை ஒரு சர்வகலாசாலையோடு இணைக்குமாறு கேட்டபோது மறுத்தார். உதவி நின்றது. அதன்பின் சங்கத்தைத் தாங்கியவர்கள் ஏழை ஆசிரியர்களும், தேவாலயங்களிற் காசு சேர்த்த சாதாரண மக்களுமே. பிறர் பணத்திலே எழுதப்படும் வரலாறு பிறர் விருப்பப்படியே முடியும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் பிழையென்று எவரே கூறுவர்?

1950ஆம் ஆண்டு ஏப்ரில் 3ஆந் திகதி, தம் 74ஆம் வயதில், புத்தகங்கள் சூழ்ந்த அவ்வீட்டிலேயே அவர் ஆவி பிரிந்தது. நான்காண்டுகளின் பின், 1954இல், இன அடிப்படையிலே பாடசாலைகளைப் பிரித்தல் சட்டவிரோதமென அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தொடங்கிய வாரம் 1976இல் ஒரு மாதமாக வளர்ந்து, சனாதிபதியின் அங்கீகாரமும் பெற்றது. ஒன்பதாம் வீதி வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது. ஆயினும் போராட்டம் முடிந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மாநிலங்கள் சில, இனக்கொடுமையைப் பற்றி வகுப்பறையிற் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியுள்ளன. மேசைமேல் ஒன்று, மடிமேல் ஒன்று என்னும் நிலை மீண்டும் வாராதென்று யாரால் உறுதி கூற முடியும்?

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! வூட்சனின் வாழ்வு தூரதேசத்துக் கதையென்று கேட்டு மறப்பதற்கன்று. நாம் ஒவ்வொருவரும் நம் கையிலுள்ள பாடப்புத்தகத்தைத் திறந்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதில் யான் எங்கே இருக்கின்றேன்? என் அயலான் எங்கே இருக்கின்றான்? முதற் கேள்வியை மட்டும் கேட்பவன் தன்னை மீட்பான். ஆனால் நாளை பிறனை இகழவுங் கூடும். இரண்டையும் கேட்பவனே வூட்சனின் மாணாக்கன். நம்மை இகழ்ந்த புத்தகத்தின் மேற் சினங்கொள்ளும் நாம், நம் வீட்டுப் பேச்சிலே, பாட்டன் சொன்ன கதையிலே, எவரை இழித்துரைக்கின்றோம் என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குழந்தைக்கு முதற் பாடசாலை வீட்டுத் திண்ணையன்றோ!

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். எழுத்தறியாத ஒரு சுரங்கத் தொழிலாளி நூல்களைச் சேர்த்து, ஓர் இளைஞனை அழைத்து வாசிக்கச் சொன்னதனாலேயே ஓரினத்தின் வரலாறு மீண்டது. நீங்கள் கண்டவற்றையும் பட்டவற்றையும், நல்லதும் தீயதுமாக, கூட்டாமற் குறைக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள். வாசிக்கவும் எழுதவும் நாங்கள் இருக்கின்றோம்.